வாக்குமூலம் வாங்கிய மேசை: லிவர்பூலில் அமெரிக்க கான்சல்

லிவர்பூல் நகரத்தின் பாரடைஸ் தெரு இன்று முழுக்கக் கடைத்தெரு. அந்த வரிசையில் ஒரு கட்டிடத்தின் முகப்பில் மட்டும் இறக்கை விரித்த கழுகு ஒன்று உட்கார்ந்திருக்கும். அமெரிக்க நாணயங்களில் பார்க்கிற அதே கழுகு. அமெரிக்கா கடல் கடந்து வைத்த முதல் அலுவலகங்களில் ஒன்று இங்கேதான் இருந்தது. அலுவலகம் போய்ப் பிற்காலத்தில் அந்த இடம் மதுக்கடையாகவும் ஆனது. கடைக்குக் கழுகின் பெயரே நிலைத்தது.

அங்கே இருந்தது கான்சலேட். தமிழில் இதைத் துணைத் தூதரகம் என்கிறோம். அப்படிச் சொன்னதும் தலைநகரில் பெரிய தூதர், துறைமுகத்தில் அவருக்கு ஒரு உதவியாள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது சரியில்லை. தூதர் ஒரு அரசு இன்னொரு அரசோடு பேசுவதற்கு அனுப்பும் ஆள். கான்சலுக்கு அரசியல் பேச அதிகாரமே கிடையாது. அவருடைய உலகம் கப்பல், சரக்கு, மாலுமி, வணிகர், கைவிடப்பட்ட பயணி, செத்துப்போனவரின் பெட்டி. உள்ளூர் அரசு ஒரு அனுமதிப் பத்திரம் கொடுத்தால்தான் அவர் வேலையே தொடங்க முடியும். அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதனால் இந்தக் கட்டுரை முழுக்கக் கான்சல் என்றே எழுதுகிறேன்.

1790 ஜூனில் ஜார்ஜ் வாஷிங்டன் நியமித்த முதல் கான்சல்களில் ஒருவர் ஜேம்ஸ் மோரி. வர்ஜீனியாக்காரர், புகையிலை வணிகர். அவருடைய அப்பா ஒரு பாதிரியார். சிறுவனாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அந்தத் தொடர்பு இருந்தது, அதோடு மோரி ஏற்கெனவே லிவர்பூலில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அரசுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடைக்காது, ஏனென்றால் அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. 1792 சட்டப்படி, ஒரு வாக்குமூலத்தையோ அறிவிப்பையோ கான்சல் முத்திரை போட்டு உறுதிசெய்தால் 2 டாலர் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். மற்றபடி சொந்த வியாபாரத்தில்தான் பிழைக்க வேண்டும்.

அந்த நாளில் லிவர்பூல் அடிமை வியாபாரத்தில் பிரிட்டனின் முதல் துறைமுகம். 1807இல் அந்த வியாபாரத்தை நாடாளுமன்றம் தடைசெய்தபிறகு பருத்தி இன்னும் வேகமாக வளர்ந்தது. 1784இல் அமெரிக்காவிலிருந்து எட்டுப் பொதி பருத்தி வந்து இறங்கியபோது, அமெரிக்காவில் ஏது பருத்தி என்று சுங்கத்துறை பறிமுதல் செய்துவிட்டதாக ஒரு கதை சொல்வார்கள். மோரியின் காலத்திலேயே அந்த எட்டுப் பொதி வெள்ளமாக மாறிவிட்டது. லிவர்பூலைச் சுற்றிய லங்காஷயர் பகுதியின் நெசவாலைகளுக்கு வேண்டிய பஞ்சு இந்தத் துறைமுகத்தில் இறங்க, ஆலைகளில் நெய்த துணி இங்கிருந்தே அமெரிக்காவுக்குப் போனது. பஞ்சை விளைவித்தவர்கள் அடிமைகள். சொந்தக் கப்பலில் ஆட்களை ஏற்றுவதை நிறுத்திய ஊர், அந்த ஆட்கள் பறித்த பஞ்சில் பணக்கார ஊரானது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மோரி அந்த நாற்காலியில் 39 வருடம் இருந்தார். லிவர்பூலின் அமெரிக்க வணிகர் சங்கத்துக்கு முதல் தலைவரும் அவரே. 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரானதும், எண்பதைத் தாண்டிய அந்தக் கிழவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ் ஆக்டனைப் பற்றி ஒரு வரி மட்டும்: அவர் எந்திரங்களில் கிறுக்கு உள்ளவர். ஜான் எரிக்சன் என்ற சுவீடன் பொறியாளர், நீருக்கடியில் சுழலும் விசிறியால் ஓடும்படி செய்த படகுக்கு ஆதரவு கொடுத்தார். 1837இல் தேம்ஸ் நதியில் ஓட்டிக்காட்டிய அந்தப் படகுக்கு ஆக்டன் பெயரையே வைத்தார்கள். அதே எரிக்சன் 1862இல் மானிட்டர் என்ற இரும்புக் கப்பலைக் கட்டி அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறக்கினார்.

சரி, அந்த மேசையில் அன்றாடம் என்னதான் நடந்தது?

அமெரிக்கக் கப்பல் துறைமுகத்துக்குள் வந்ததும் கேப்டன் கப்பலின் பதிவுப் பத்திரத்தைக் கான்சலிடம் ஒப்படைக்க வேண்டும். 1803 சட்டம் இது. ஒப்படைக்காவிட்டால் 500 டாலர் அபராதம். பத்திரம் கான்சலின் பெட்டிக்குள் இருக்கும்வரை கேப்டனின் குடுமி கான்சலின் கையில். மாலுமியை வெளிநாட்டில் வேலையை விட்டு நிறுத்தினால், கேப்டன் மூன்று மாதச் சம்பளத்தைக் கூடுதலாகக் கான்சலிடம் கட்ட வேண்டும். அதில் இரண்டு பங்கு, ஊர் திரும்பக் கப்பல் ஏறும்போது மாலுமிக்கு. மூன்றாவது பங்கு, கையில் காசில்லாமல் கரையில் தவிக்கும் மற்ற மாலுமிகளை ஊருக்கு அனுப்பும் நிதிக்கு. அப்படித் தவிப்பவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் 1792 சட்டம் ஒதுக்கியது ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 சென்ட். அதற்கு மேல் போகக்கூடாது.

அப்புறம் இன்வாய்ஸ். அமெரிக்கா தன் வருமானத்தை முக்கியமாகச் சுங்கவரியில்தான் ஈட்டியது. வரி சரக்கின் மதிப்பைப் பொறுத்தது. மதிப்பைக் குறைத்துக் காட்டாமல் இருக்க, சரக்கு அனுப்புகிறவர் விலைப்பட்டியல் உண்மை என்று கான்சல் முன் சத்தியம் செய்து முத்திரை வாங்க வேண்டும். லிவர்பூலிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சரக்கின் அளவை யோசித்தால், அந்த முத்திரை எத்தனை முறை குத்தப்பட்டிருக்கும் என்பது புரியும். அமெரிக்க அரசு கொடுக்கக்கூடிய வேலைகளிலேயே கொழுத்த வேலைகளில் ஒன்று இது என்று பெயர் வந்ததற்கு இதுதான் காரணம்.

1853இல் அந்த வேலை நதானியல் ஹாதார்ன் என்ற நாவலாசிரியருக்குக் கிடைத்தது. இலக்கியத்துக்காகக் கிடைத்ததாக நினைத்துவிட வேண்டாம். கல்லூரி நண்பர் பிராங்க்ளின் பியர்ஸ் அதிபர் தேர்தலில் நின்றபோது, அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பிரசாரத்துக்காக எழுதிக்கொடுத்தவர் ஹாதார்ன். நண்பர் ஜெயித்தார், கான்சல் பதவி வந்தது. நான்கு வருடம் இருந்து கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு மறுபடியும் எழுதப் போகலாம் என்பது கணக்கு.

அவருடைய காலத்தில் அலுவலகம் பிரன்ஸ்விக் தெருவின் முனையில், வாஷிங்டன் கட்டிடம் என்ற புகைபடிந்த நாலு மாடிக் கட்டிடத்தில் இருந்தது. பக்கத்திலேயே கோரீ ஆர்கேட். செனகல் கரைக்கு எதிரே அடிமைகளை ஏற்றிய கோரீ தீவின் பெயரைத் தாங்கிய இடம். வெளிச்சமில்லாத குறுகிய படியேறிப் போனால் நடை முழுக்க மாலுமிகள். உள்ளே அவருடைய அறை சிறியது. கருவாலி மரம் மாதிரி வண்ணம் அடித்த சுவர். இரண்டு ஜன்னல்களுக்கும் எதிரே ஒரு பெரிய பருத்திக் கிடங்கின் செங்கல் சுவர். மேசைக்குப் பக்கத்தில் அழுக்கேறிய சின்ன புதிய ஏற்பாடு ஒன்று இருந்தது. சத்தியம் செய்கிறவர்கள் அதை முத்தமிட வேண்டும். தினம் தினம் கேப்டன்களும் மாலுமிகளும் பொய்ச் சத்தியம் செய்து முத்தமிட்டே அது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போய்விட்டது என்று ஹாதார்ன் பின்னால் கிண்டலாக எழுதினார்.

கிண்டலுக்கு அடியில் கசப்பு இருந்தது. அட்லாண்டிக் கடக்கும் அமெரிக்கக் கப்பல்களில் மாலுமிகளை அடித்து நொறுக்குவது அன்றாட வழக்கம். முகம் வீங்கி, எலும்பு முறிந்து படியேறி வருவார்கள். கான்சலுக்கு வழக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை. நடுக்கடலில் அமெரிக்கக் கப்பலில் நடந்ததை ஆங்கில நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளாது. கொலை அல்லது கொலை முயற்சி என்றால் 1842 ஒப்பந்தப்படி குற்றவாளியை அமெரிக்காவுக்கு ஒப்படைக்கச் சொல்லலாம். சாதாரண அடிதடி அந்தப் பட்டியலிலேயே வராது. கான்சலால் முடிந்தது வாக்குமூலம் எழுதி வாங்குவது மட்டும். அதை அனுப்பி, அங்கே வழக்கு வரும்போது சாட்சி சொல்ல வேண்டிய மாலுமி வேறு எந்தக் கடலிலோ இருப்பான்.

இன்னொரு ஆளும் வந்துகொண்டே இருந்தார். தான் பிலடெல்பியாவைச் சேர்ந்த அச்சுத் தொழிலாளி என்றும், 27 வருடமாக இங்கிலாந்தில் அலைவதாகவும், சாவதற்குள் தன் ஊர்த் தெருவைப் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்ன ஒரு வயதான நாடோடி. சட்டத்தில் மாலுமிக்குத்தான் பயணச் செலவு உண்டு, அச்சுத் தொழிலாளிக்கு இல்லை. ஹாதார்ன் அவரை அனுப்பிவைக்கவில்லை. அங்கே போனால் அவரை அடையாளம் தெரிந்தவர் யார் இருப்பார்கள் என்று யோசித்ததாக எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ அது தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டதாகத்தான் படுகிறது.

1855இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. லிவர்பூல் கான்சலுக்கு வருடம் 7,500 டாலர் சம்பளம். கட்டணமெல்லாம் அரசுக் கஜானாவுக்கு. இனிச் சொந்த வியாபாரமும் கூடாது. சட்டம் நியாயமானதுதான். ஹாதார்ன் மட்டும் நொந்துபோனார். 1857இல் வேலையை விட்டுவிட்டுப் போனார். அந்த வருடங்களில் அவர் நாவல் எதுவும் எழுதவில்லை, நாட்குறிப்பைத்தான் நிரப்பினார்.

அவர் போன பிறகும் அதே அலுவலகத்தில் தொடர்ந்தவர் ஹென்றி வைல்டிங் என்ற ஆங்கிலேயக் குமாஸ்தா. இந்தக் கதையில் நான் அதிகம் மதிப்பது இவரைத்தான். கான்சல்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள். எந்தக் கேப்டன் பொய் சொல்வான், எந்த வணிகருக்கு எந்தக் கப்பலில் பங்கு, கப்பல்துறையில் யாரிடம் என்ன கேட்கலாம் என்பதெல்லாம் குமாஸ்தாவின் தலைக்குள் இருக்கும். 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்து, புதிய கான்சல் வந்துசேராத அந்த மாதங்களில் அலுவலகத்தை நடத்தியவர் வைல்டிங். அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்குக் கப்பலும் ஆயுதமும் வாங்க லிவர்பூலில் ஆட்கள் நடமாடுகிறார்கள் என்று வாஷிங்டனுக்கு எழுத ஆரம்பித்தவரும் அவரே.

நடமாடியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் டன்வுடி புல்லக். முன்னாள் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1861 ஜூனில் லிவர்பூல் வந்து, ரம்ஃபோர்ட் பிளேஸ் 10ஆம் எண்ணில் இருந்த, தெற்கின் பணத்தைக் கையாண்ட ஃபிரேசர் டிரென்ஹோம் வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் மேசை போட்டார். ஊரின் அனுதாபம் அவர் பக்கம்தான். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை: பிரிட்டனுக்கு வந்த பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு தெற்கு மாநிலங்களிலிருந்து வந்தது. வடக்கின் கடற்படை முற்றுகையால் அது நின்றுபோயிருந்தது.

1861 நவம்பரில் புதிய கான்சல் தாமஸ் ஹெய்ன்ஸ் டட்லி வந்தார். நியூஜெர்சி வழக்கறிஞர், அடிமைமுறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இளம் வயதில், கடத்தி விற்கப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் மீட்க, அடிமை வியாபாரி வேஷம் போட்டுத் தெற்கே போனவர். ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு இது போதும். பகலில் அதே இன்வாய்ஸ், அதே மாலுமிகள். மற்ற நேரத்தில் மேத்யூ மகுவயர் என்ற துப்பறிவாளரை வைத்துக் கப்பல் கட்டும் தளங்களை வேவு பார்த்தார்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டன் இந்தப் போரில் நடுநிலை. 1819ஆம் வருடச் சட்டம் ஒன்று, பிரிட்டனோடு சமாதானமாக இருக்கும் நாட்டின் மேல் போர் தொடுப்பதற்காக ஒரு கப்பலைப் பிரிட்டிஷ் மண்ணில் ஆயத்தம் செய்யவோ ஆயுதம் ஏற்றவோ கூடாது என்றது. புல்லக்கின் வழக்கறிஞர் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கப்பலைக் கட்டுவது குற்றமில்லை. பீரங்கியை வெளியே எங்காவது ஏற்றிக்கொண்டால் யாரும் கேட்க முடியாது. ஆகவே டட்லி பீரங்கியைக் காட்டிப் பயனில்லை, கப்பலில் பீரங்கியே இருக்காது. அந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்படுகிறது என்ற நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். நோக்கத்துக்குச் சாட்சி யார்? வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்ட மாலுமி. மாலுமியை உட்காரவைத்து வாக்குமூலம் வாங்குவது அந்த அலுவலகத்துக்கு எழுபது வருடப் பழக்கம்.

ஓரெட்டோ என்ற பெயரில் போன முதல் கப்பல் 1862 மார்ச்சில் நழுவிவிட்டது. ஃபுளோரிடா என்ற போர்க்கப்பலாக மாறியது. அடுத்தது ஆற்றுக்கு அக்கரையில், பர்க்கன்ஹெட்டில் லெயர்ட் தளத்தில் 290 என்ற எண்ணில் வளர்ந்தது. மே 15 அன்று எனரிகா என்று பெயரிட்டு நீரில் இறக்கினார்கள். டட்லி சாட்சிகளைத் தேடிப் பிடித்தார். வில்லியம் பாஸ்மோர் என்ற மாலுமி, தன்னை மாதம் 4 பவுண்டு 10 ஷில்லிங்குக்குச் சேர்த்துக்கொண்ட கேப்டன், கப்பல் தெற்கு அரசுக்காகச் சண்டைக்குப் போகிறது என்று தன்னிடம் சொன்னதாகச் சத்தியம் செய்தார். ஜூலை 21 அன்று இப்படி ஆறு வாக்குமூலங்களோடு டட்லி சுங்க அதிகாரியின் முன் போய் நின்றார். ஆதாரம் போதாது என்றது சுங்கத்துறை. ராபர்ட் காலியர் என்ற மூத்த வழக்கறிஞரிடம் கருத்து வாங்கினார்; இதைவிட வலுவான வழக்கு அமைவது கஷ்டம் என்று அவர் எழுதிக்கொடுத்தார். காகிதங்கள் லண்டன் போயின. அங்கே அவை போய்ச் சேர்ந்தது அரசியின் சட்ட ஆலோசகர் சர் ஜான் ஹார்டிங் வீட்டுக்கு. அவரோ அப்போது புத்தி பேதலித்துப் படுத்திருந்தார். கட்டைப் பிரிக்க ஆளில்லாமல் சில நாட்கள் போய்விட்டன.

ஜூலை 29. கப்பல் வெள்ளோட்டம் போகிறது என்று சொல்லி, பெண்களும் ஊர்ப் பிரமுகர்களுமாக விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு எனரிகா புறப்பட்டது. பின்னேரம் ஆனதும் புல்லக், கப்பலை இரவும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள் என்று விருந்தாளிகளை ஹெர்குலிஸ் என்ற இழுவைப் படகில் இறக்கிக் கரைக்கு அழைத்துவந்துவிட்டார். கப்பல் திரும்பவில்லை. அதைத் தடுத்துவைக்கலாம் என்று சட்ட அதிகாரிகள் கருத்துச் சொன்னதும் அதே நாளில்.

மறுநாள் காலை நடந்தது இன்னும் வேடிக்கை. வேல்ஸ் கரையோரம் காத்திருந்த கப்பலுக்கு மாலுமிகளைக் கொண்டுபோக அதே ஹெர்குலிஸ் வந்து நின்றது. மாலுமிகளோடு அவர்களுடைய பெண்களும் வந்துவிட்டார்கள். ஒரு மாத முன்பணம் கைக்கு வராமல் ஆளை விடமாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் புல்லக் அவர்களையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். இத்தனையும் பட்டப்பகலில் படகுத்துறையில். டட்லி உடனே சுங்க அதிகாரிக்கு எழுதினார். ஒரு ஆள் போய்ப் பார்த்தார். படகில் ஆயுதம் எதுவும் இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்டில் அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே அந்தக் கப்பலில் பீரங்கி ஏறியது. 24ஆம் தேதி பெயர் அலபாமா ஆனது. அடுத்த 22 மாதத்தில் 65 அளவில் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது. பெரும்பாலானவற்றைக் கொளுத்தியது. பயந்துபோன கப்பல் முதலாளிகள் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக் கொடிக்கு மாறினார்கள். 1864 ஜூன் 19 அன்று பிரெஞ்சுத் துறைமுகமான ஷெர்பூருக்கு வெளியே கியர்சார்ஜ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அலபாமாவை மூழ்கடித்தது.

டட்லி தோற்றார் என்றுதான் அன்று எல்லாருக்கும் தோன்றியிருக்கும். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1863இல் லெயர்ட் தளத்தில் 294, 295 என்ற எண்களில் இரண்டு இரும்புக் கப்பல்கள், எதிரிக் கப்பலின் வயிற்றைக் கிழிக்கும் முனையோடு தயாராகிக்கொண்டிருந்தன. மறுபடியும் வாக்குமூலங்கள், மறுபடியும் கடிதங்கள். இந்த முறை லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், இவை கிளம்பினால் அது போர்தான் என்ற பொருளில் வெளியுறவு அமைச்சருக்கு எழுதினார். கப்பல்கள் நிறுத்தப்பட்டன. கடைசியில் பிரிட்டிஷ் கடற்படையே அவற்றை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்த மிரட்டலைத் தூதர்தான் விடுக்க முடியும், கான்சல் விட முடியாது. தூதரின் கடிதத்துக்குப் பின்னால் நின்ற காகிதங்கள் கான்சலுடையவை.

போர் முடிந்து ஏழு மாதம் கழித்து, 1865 நவம்பர் 6 அன்று, ஷெனன்டோவா என்ற கடைசித் தெற்குப் போர்க்கப்பல் லிவர்பூலின் மெர்சி நதிக்குள் வந்து சரணடைந்தது. வட பசிபிக்கில் திமிங்கில வேட்டைக் கப்பல்களை எரித்துக்கொண்டிருந்த அதற்குப் போர் முடிந்த செய்தி ஆகஸ்டில்தான் கிடைத்தது. தெற்கின் கொடி கடைசியாக இறங்கியது டட்லியின் துறைமுகத்தில்தான். கப்பலை டட்லியிடம் ஒப்படைத்தார்கள். நியூயார்க்குக்கு அனுப்பிப் பார்த்தார், புயலில் அடிபட்டுத் திரும்பிவந்தது. கடைசியில் அதை வாங்கியவர் ஜான்சிபார் சுல்தான்.

1871இல் இரு நாடுகளும் அலபாமா விவகாரத்தை நடுவர்களிடம் விட ஒப்புக்கொண்டன. ஜெனீவாவில் அமெரிக்கா, பிரிட்டன், இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரேசில் ஆகிய நாடுகளின் ஐந்து நடுவர்கள் உட்கார்ந்தார்கள். கேள்வி, பிரிட்டன் உரிய கவனத்தோடு நடந்துகொண்டதா என்பது. அப்படியென்றால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு என்ன தெரிந்திருந்தது, என்றைக்குத் தெரிந்திருந்தது? பத்து வருடத்துக்கு முன் போதாது என்று தள்ளிவைக்கப்பட்ட காகிதங்கள் இந்தக் கேள்விக்கு அப்படியே பதிலாக அமைந்தன. ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது. கப்பலை நிறுத்தப் பயன்படாத பாஸ்மோரின் வாக்குமூலம், கப்பலைப் பற்றி ஜூலை 21ஆம் தேதியே சொல்லியாகிவிட்டது என்பதற்குப் பயன்பட்டது. 1872 செப்டம்பர் 14 அன்று பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் தங்கமாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

போர் முடிந்ததும் அறிவித்த மன்னிப்பு புல்லக்குக்குக் கிடைக்கவில்லை. லிவர்பூலிலேயே குடும்பத்தோடு தங்கி 1901 ஜனவரியில் இறந்தார். அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் அவருடைய சகோதரி மகன்.

தீர்ப்பு வந்த அந்த 1872இல்தான் டட்லி பதவியை விட்டார். அவருடைய நாற்காலிக்கு வந்தவர் லூசியஸ் ஃபேர்சைல்ட், உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் இடது கையைப் பறிகொடுத்த வடக்குத் தளபதி. அவர் வந்து உட்கார்ந்தபோது மேசையில் பழையபடி இன்வாய்ஸ் கட்டுகள் கையெழுத்துக்குக் காத்திருந்தன.